பழைய பவளக்கல் சுவரில் மச்சுக் கட்டைகளைப் பொருத்துவது எப்படி?

கீழக்கரை உம்மா எழுதியது:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

எங்கள் வீடு கீழக்கரையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என் உம்மாவின் உம்மாவுக்குக் கொடுத்த வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். இப்போது என் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை இங்கேதான் வந்து தங்குவார். அதனால் கொல்லைப்புறத்தில் பழைய வீட்டை ஒட்டிக் கீழே ஒரு கூடம், அதன்மேல் மர மச்சுப் போட்டு ஓர் அறை என்று இழுத்துக் கட்டுகிறோம்.

கூடம் பத்தடிக்குப் பதினான்கடி. மூன்று பக்கமும் புதுச் சுவர், ஒன்பது அங்குலச் செங்கல், ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. நான்காவது பக்கம் பழைய வீட்டின் பின்சுவர்: பவளக்கல், சுண்ணாம்புச் சாந்து, ஒன்றரை அடி கனம். பதினான்கடி நீளமுள்ள பக்கம் அதுதான். மச்சுக் கட்டைகள் எல்லாம் ஒரு முனையை அந்தச் சுவரில்தான் வைத்தாக வேண்டும் என்கிறார்கள்.

கான்கிரீட் தளம் வேண்டாம் என்பது என் பிடிவாதம். பக்கத்து வீட்டுத் தளத்தில் கம்பி துருப்பிடித்து, அடிப்பூச்சு தாம்பாளம் தாம்பாளமாக விழுகிறது. அந்த வீடு என் கண் முன்னால் கட்டியது.

இப்போது பிரச்சினை இதுதான். கொத்தனார், சுவர் நெடுக ஆங்கர் போல்ட் அடித்து ஓர் இரும்பு ஆங்கிளை (எல் வடிவப் பட்டையை) மாட்டி, அதன்மேல் கட்டைகளை உட்கார வைக்கலாம் என்கிறார். ஆசாரி, இரும்பே கூடாது, சுவரில் கட்டைக்கு ஒரு பொந்து தோண்டி முனையை உள்ளே செருக வேண்டும் என்கிறார். பழைய வீட்டு மச்சில் பனங்கட்டைகள் அப்படித்தானே சுவருக்குள் இருக்கின்றன, இத்தனை காலம் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கிறார். இருவரும் எங்களுக்குப் பல காலமாக வேலை செய்பவர்கள். ஒருவரை மறுத்து ஒருவரைக் கேட்க வேண்டுமென்றால் காரணம் தெரிந்து கேட்க வேண்டும். மழைக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் கட்டுநர் எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் பாரத்தைக் கணக்குப் பார்த்துவிடுவோம். குடியிருக்கும் அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். அதாவது சதுர அடிக்கு ஏறக்குறைய 19 கிலோ. கட்டை, பலகை எடை சதுர அடிக்கு 5 கிலோ என்று வைத்துக்கொண்டால் 24. உங்கள் அறை 140 சதுர அடி. மொத்தம் 3,360 கிலோ வருகிறது. அதில் பாதி, 1,680 கிலோ, அந்தப் பழைய சுவரில் இறங்கும். அடிக்கு 120 கிலோ. கட்டைகளைப் பதினாறு அங்குல இடைவெளியில் போட்டால் ஒவ்வொரு முனையிலும் 160 கிலோ.

ஒன்றரை அடிச் சுவருக்கு இது பெரிய பாரம் இல்லை. பாரத்தைச் சுவரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி. சாதாரண ஆங்கர் போல்ட் இறுக்க இறுக்க உள்ளே விரிந்து கல்லைப் பக்கவாட்டில் தள்ளும். கான்கிரீட் அதைத் தாங்கும், பவளக்கல் விண்டுவிடும். ஆகவே கொத்தனார் சொல்லும் போல்ட் வேண்டாம்.

அதற்குப் பதில் கெமிக்கல் ஆங்கர், அதாவது விரியாமல் பசையால் ஒட்டி நிற்கிற கம்பி, போடலாம். துளையைத் தட்டாமல் சுழற்சியில் மட்டும் துளைத்து, தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, வலைக்குழாய் செருகி, பசையை நிரப்பி, 12 மில்லிமீட்டர் மரைக்கம்பியை எட்டு அங்குலம் உள்ளே விட வேண்டும். கம்பி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். இரண்டடிக்கு ஒன்று, மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு கம்பிக்கு 240 கிலோதான். அதில் ஒரு நீளக் கட்டையை மாட்டி, குறுக்குக்கட்டைகளை அதில் யு வடிவப் பட்டைகளால் தொங்கவிடலாம். செங்கல் சுவர்களில் இதைப் பலமுறை செய்திருக்கிறேன்.

பாம்பன் ஆசாரி எழுதியது:

அம்மா, மகளுக்கு என் வாழ்த்துகள்.

தம்பி சொன்ன கணக்கு சரி. செங்கல் சுவரானால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அவர் துளைக்கப் போவது செங்கல் இல்லை. பவளக்கல் சுவரைப் பற்றி அந்தச் சுவரிடமே கேட்க வேண்டும்.

இந்தக் கரையில் பழைய சுவர் எப்படிக் கட்டினார்கள் என்று பிரித்துப் பார்த்தவனாகச் சொல்கிறேன். வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை செதுக்கிய கல். இரண்டுக்கும் நடுவில் உடைந்த கல்லும் சிப்பியும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியிருப்பார்கள். எல்லாச் சுவரும் அப்படி என்று சொல்ல மாட்டேன், பல சுவர்கள் அப்படி. எட்டு அங்குலம் துளைத்தால் துளையின் முனை அந்த நிரப்பில்தான் போய் நிற்கும். அங்கே பசை எதைப் பிடிக்கும்? பசை நல்ல பசைதான். பிடிப்பதற்குக் கல் வேண்டுமே.

அடுத்தது உப்பு. பவளக்கல் கடலுக்குள் வளர்ந்தது. அதன் ஒவ்வொரு கண்ணிலும் உப்பு இருக்கிறது. உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை இல்லாத மாதத்திலும் அதிகாலையில் சுவரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று பிசுபிசுக்கும். அந்தச் சுவருக்குள் சாதாரண இரும்பு போனால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைக் கல்லை உடைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். ஆங்கிள் போடுகிற கொத்தனாருக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி என் தொழில்காரர் சொன்ன பொந்து. அவர் மரத்தின் மேல் உள்ள மரியாதையில் பேசுகிறார், எனக்கு அது புரிகிறது. பழைய மச்சில் பனங்கட்டை சுவருக்குள் நிற்பது உண்மை. ஆனால் அன்றைக்குக் கட்டையை முதலில் வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுவரை ஏற்றினார்கள். கட்டைக்கு அடியில் அகலமான கல் வைத்துப் பாரத்தைப் பரப்பினார்கள். முழுவதும் சுண்ணாம்பு, ஆகவே வந்த ஈரம் வெளியேறவும் வழி இருந்தது. இப்போது நீங்கள் நிற்கிற சுவரில் பதினொரு பொந்து ஒரே வரிசையில் தோண்டப் போகிறீர்கள். பதினாறு அங்குலத்துக்கு ஒரு பொந்து என்றால், மச்சு மட்டத்தில் சுவர் நெடுகக் கிழிகோடு போட்டதற்குச் சமம். தோண்டிய பிறகு கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைப்பார். சிமெண்ட் மூச்சுவிடாது. கட்டையின் வெட்டுமுகம்தான் தண்ணீரை அதிகம் குடிக்கிற இடம். அதை ஈர உப்புச் சுவருக்குள் சிமெண்ட் போட்டு மூடினால் வெளியே பளபளவென்று இருக்கும் கட்டை உள்ளே மாவாகும். கரையானுக்கும் அதுதான் வாசல். பழைய மச்சின் கட்டை முனைகளை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் லேசாக இறங்குகிற முனை எத்தனை என்று எண்ணுங்கள். கெட்டுப்போயிற்றா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இந்தச் சுவரில் ஒரு கல் உடைந்தால் மாற்றுக் கல் கிடையாது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. எடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. எடுத்துக்கொண்டே இருந்ததால் என்ன ஆயிற்று என்பதற்கு உங்கள் ஊருக்கு எதிரேயே சாட்சி இருக்கிறது: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான பூவரசன்பட்டி இப்போது நீருக்கு அடியில் கிடக்கிறது. அந்தச் சட்டத்தை நான் மனதார ஏற்கிறவன். அதனால்தான் மிச்சமிருக்கிற ஒவ்வொரு பவளக்கல் சுவரும் எனக்குப் பெரிய பொருளாகத் தெரிகிறது.

என் கருத்து ஒன்றுதான். பழைய சுவர் எதையும் சுமக்க வேண்டாம். புது மச்சு தன் காலில் நிற்கட்டும்.

இப்படிச் செய்யுங்கள். பழைய சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, அதற்கு இணையாக, பதினான்கடிக்கும் ஓர் உத்திரம் ஓட வேண்டும். நாலு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் போதும். அதன் இரு முனைகளும் உங்கள் புதுப் பக்கச் சுவர்களில் உட்காரும். நடுவில் இரண்டு தூண். குறுக்குக்கட்டைகள் எதிர்ப்புறப் புதுச் சுவரிலிருந்து கிளம்பி, உத்திரத்தின் மேல் ஏறி, இரண்டடி தாண்டி நீட்டிக்கொண்டு, பழைய சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிடும். கட்டை மூன்றுக்கு ஆறு, பதினாறு அங்குல இடைவெளி. கட்டை தாங்கல் இல்லாமல் தாண்டுகிற பத்தடித் தாவல் எட்டடியாகக் குறைகிறது, ஆகவே நடந்தால் மச்சு அதிராது. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இரண்டடி வீணாகாது. அலமாரி வைத்துவிடலாம். ஆனால் அலமாரியின் முதுகும் சுவரைத் தொடாமல் நிற்கட்டும், காற்று போகட்டும்.

தூண் கருங்கல்லில் போடுங்கள். காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பிரித்த தூணும் பர்மா தேக்குக் கட்டையும் கிடைக்கும். பழைய தேக்கு வாங்கும்போது ஆணித் துளைகள் வழியாகப் பிளவு ஓடுகிறதா என்று பார்த்து, முனைகளை ஓர் அடி வெட்டிவிட்டு மிஞ்சுவது போதுமான நீளமா என்று அளந்து வாங்குங்கள்.

எதற்கும் முதலில் ஒரு வேலை. அந்தச் சுவரில் மச்சு மட்டத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி பூச்சை உரித்துப் பாருங்கள். ஒரு சாந்துக் கோட்டில் மெல்லிய துளை ஒன்று போட்டு, வருகிற தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

தொண்டிக்காரன் எழுதியது:

ஆசாரி அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கடற்காற்றும் புயலும் உள்ள ஊரில் மச்சைப் பழைய சுவரோடு கட்டாமல் தனியாக விட்டால் ஆடாதா? எங்கள் பக்கம் மச்சுக் கட்டைதான் உயரமான சுவர்களை இழுத்துப் பிடித்து நிற்க வைக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பனை வாங்குவதாக இருந்தால் இன்னொரு செய்தி. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆகவே நிற்கிற மரத்தைப் பேசாமல், பிரித்த வீட்டுப் பனங்கட்டையைத் தேடுங்கள். வைரம் பாய்ந்த கட்டை கறுப்பு நார் நெருங்கி இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். நடுச்சோறு அதிகம் உள்ளது உதவாது.

பாம்பன் ஆசாரி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. மச்சு ஆடாமல் பிடிப்பது மூன்று புதுச் சுவர்கள். பலகையைக் கட்டைகளுக்குக் குறுக்கே அடித்து, ஓரங்களைச் சுவர்மேல் படுக்கவைத்த கட்டையோடு இறுக்கிவிட்டால் மச்சு முழுவதும் ஒரே தட்டாக வேலை செய்யும். பக்கச் சுவர்கள் இரண்டும் ஒரு திசையையும், எதிர்ச்சுவர் இன்னொரு திசையையும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்வது பழைய வீட்டுக்குள் பொருந்தும். அம்மாவின் பழைய சுவரை உள்ளே இருக்கிற பழைய மச்சு ஏற்கெனவே பிடித்திருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்வியால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அம்மா, புதுப் பக்கச் சுவர்களைப் பழைய சுவரோடு கல் கோத்துக் கட்டியிருக்கிறார்களா, சும்மா ஒட்டி நிறுத்தியிருக்கிறார்களா?

கீழக்கரை உம்மா எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி உரித்துப் பார்த்தோம். கொத்தனாரையும் ஆசாரியையும் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

பூச்சு வெளியே கெட்டியாக இருந்தது. அதற்குள் இரண்டு அடுக்கு பழைய வெள்ளை. பிறகு கல். தேன்கூட்டு மாதிரி கண் கண்ணாக, சில கண்களில் சிறு சிப்பி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சாந்துக் கோட்டில் துளை போட்டபோது முதலில் உலர்ந்த வெள்ளைத் தூள் வந்தது. ஐந்து அங்குலம் போனதும் துரப்பணம் திடீரென்று சுமையில்லாமல் உள்ளே ஓடியது. அதன் பிறகு வந்தது தூள் இல்லை, ஈர மாவு. விரலில் உருட்டினால் உருண்டையாகிறது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. ஆசாரி ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார், எந்தப் பக்கம் தள்ளினாலும் போகிறது. கொத்தனார் தம் ஆங்கிள் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

பழைய மச்சின் கட்டை முனைகளையும் குத்திப் பார்த்தோம். உள்பக்கச் சுவரில் இருக்கிற முனைகள் இரும்பு போல இருக்கின்றன. கடல் பார்த்த பக்கத்தில் மூன்று முனைகளில் ஸ்க்ரூ டிரைவர் பாதிவரை இறங்கியது. ஆசாரி வாய் திறக்கவில்லை. பிறகு அவரே தூண் எங்கே வரும் என்று சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுவிட்டார்.

பக்கச் சுவர்களைக் கோக்கவில்லை, ஒட்டித்தான் நிற்கின்றன. அது சரியா தவறா?

தூணுக்கு அஸ்திவாரம் தோண்டினால் பழைய சுவருக்கு ஆபத்து வராதா? எங்கள் மண் முழுவதும் கடல்மணல்.

மண்டபம் கட்டுநர் எழுதியது:

அந்தத் துளையைப் படித்த பிறகு கெமிக்கல் ஆங்கர் யோசனையை விட்டுவிடுங்கள். ஐயா சொன்ன வழிதான் சரி.

ஒட்டி நிற்பது நல்லது அம்மா. புதுச் சுவர் மணலில் கொஞ்சம் இறங்கும், பழையது இறங்கி முடிந்துவிட்டது. கோத்திருந்தால் கோத்த இடத்தில் பழைய கல்தான் பிளக்கும்.

தூண் அஸ்திவாரம்: ஒவ்வொரு தூணிலும் மச்சுப் பாரம் 700 கிலோ அளவுதான். இரண்டடிச் சதுரம் போதும். முதலில் பழைய சுவரின் அடி எங்கே முடிகிறது என்று ஒரு சிறு குழி தோண்டிப் பாருங்கள். புதுக் குழியை அந்த ஆழத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். கீழே போனால் பழைய சுவருக்கு அடியிலிருக்கிற மணல் குழிக்குள் சரியும். இரண்டு குழியையும் ஒரே நாளில் திறந்து போடாமல், ஒன்றைத் தோண்டி நிரப்பிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். அடியில் கம்பி இல்லாமல் கருங்கல்லும் கான்கிரீட்டுமாகப் போட்டால் துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. கலவைக்குக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிநீர் லாரித் தண்ணீர் வாங்கிவிடுங்கள். கடல்மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது.

கம்பி போட்ட கான்கிரீட் எங்கேயாவது வருவதாக இருந்தால், ஜன்னல் மேல் பட்டை மாதிரி, கடலோரத்துக்கு எம்30 என்கிற பலமான கலவை, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் என்று தரநிர்ணயம் சொல்கிறது. பக்கத்து வீட்டுத் தளத்தில் அந்த மூடலை அளந்து பாருங்கள், விழுவதற்குக் காரணம் தெரியும்.

பாம்பன் ஆசாரி எழுதியது:

தொழில்காரர் தாமே கோடு போட்டார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அவரிடம் இதையும் சொல்லுங்கள்.

செங்கல் சுவரில் கட்டை உட்காருகிற இடத்தில் நாலு அங்குலமாவது பிடிமானம் வேண்டும். அடியில் தார் ஷீட் ஒரு துண்டு. வெட்டுமுகத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பக்கங்களையும் சாந்து வைத்து அடைக்க வேண்டாம். ஆணிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் திருகு. விலை கூடத்தான், ஆனால் சாதாரண ஆணி இந்தக் காற்றில் தலை இல்லாமல் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உத்திரத்தில் கட்டை உட்காருகிற இடத்தில் அரை அங்குலம் வெட்டி உட்கார வைத்தால் போதும், அதற்கு மேல் வெட்டினால் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியில் கட்டை பலம் இழக்கும்.

கடல் பார்த்த பக்கத்து மூன்று முனைகளை மழை முடியும்வரை விடாதீர்கள். இப்போதே அடியில் முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கீழக்கரை உம்மா எழுதியது:

முட்டு இன்று மாலையே கொடுத்தாகிவிட்டது. கடைசியாக ஒன்று. மச்சுக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஓர் அங்குலச் சந்து விட்டால் அதன் வழியாகத் தூசியும் பல்லியும் கீழே விழாதா? மேலே கூரையும் சுவரைத் தொடாவிட்டால் ஐப்பசி மழை முழுவதும் உள்ளே வந்துவிடுமே.

பாம்பன் ஆசாரி எழுதியது:

சந்தின்மேல் மூன்று அங்குல அகலத்தில் ஒரு தேக்குப் பட்டை போடுங்கள். திருகு மச்சுப் பலகையில் மட்டும். பட்டை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மச்சு இறங்கினாலும் ஏறினாலும் பட்டை வழுக்கிக்கொண்டு போகும்.

கூரையும் அதே முறைதான், தன் காலில் நின்று சுவருக்கு ஓர் அங்குலம் முன்னால் முடியட்டும். ஓட்டுக்கு மேலே ஆறு அங்குல உயரத்தில், பழைய சுவரின் சாந்துக் கோட்டில் மட்டும், கல்லைத் தொடாமல், ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். அதில் ஈயத்தகட்டின் ஓரத்தைச் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் மூடுங்கள். சிமெண்ட் வேண்டாம். தகட்டின் கீழ்ப்பகுதி ஓட்டின்மேல் சும்மா படிந்திருக்கட்டும், ஓட்டோடு இணைக்க வேண்டாம். தண்ணீர் சுவரில் இறங்கித் தகட்டின்மேல் வழிந்து ஓட்டுக்குப் போய்விடும். சுண்ணாம்பு நன்றாக இறுக நாள் பிடிக்கும், ஆகவே அந்தக் கீறலைப் புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.